எங்க தாத்தா ஊர் டாக்டர்: முன்னோர் வைத்தியரின் வாழ்க்கையைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடும்ப வரலாறு தேடுகிறவர்களோடு பல வருஷமாகப் பழகுகிறேன். நிலம் வைத்திருந்தவரைப் பற்றிய சந்தேகங்களைப் பட்டாவும் பத்திரமும் பெரும்பாலும் தீர்த்துவிடும். ஊர் டாக்டரையோ வைத்தியரையோ தேடி வருகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் திணறுகிறார்கள். நாலு ஊர் ஜனங்களுக்கும் அவரைத் தெரிந்திருக்கும். வீட்டிலோ ஒரு போட்டோவும் சில கதைகளும்தான் மிஞ்சியிருக்கும். ஊர் டாக்டரின் வாழ்க்கை அவர் வீட்டுக் காகிதங்களைவிட அடுத்த வீட்டுக் காகிதங்களில்தான் அதிகம் கிடக்கிறது என்பது என் அனுபவம். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்தத் திசையைத்தான் காட்டும்.

இவை முக்கியமாகப் பழைய சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களுக்கு, ஏறக்குறைய 1870 முதல் 1960 வரையிலான காலத்துக்குப் பொருந்தும். யாழ்ப்பாணம், மலேயா, பர்மா பற்றியும் கேட்கிறார்கள். அதுவும் உள்ளே இருக்கிறது.

எங்க கொள்ளுத்தாத்தா டாக்டர்னு எல்லாரும் சொல்றாங்க. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

அவர் எந்த வகை டாக்டர் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். இங்கிலீஷ் வைத்தியம் படித்தவரா, சித்தா அல்லது ஆயுர்வேதப் பரம்பரையா, மிஷன் ஆஸ்பத்திரியில் பழகித் தொழில் கற்றவரா, கம்பவுண்டராக இருந்து ஊரில் டாக்டர் என்று பெயர் வாங்கியவரா? ஊர் இவர்கள் எல்லாரையும் "டாக்டர்" என்றோ "வைத்தியர்" என்றோதான் கூப்பிட்டது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஆவணம் இருக்கும் இடம் வேறு. சித்த வைத்தியரை மெடிக்கல் கவுன்சில் பட்டியலில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்க மாட்டார்.

வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். "நல்லவர்" என்பார்கள், அதோடு முடிந்தது. மருந்து சீசாவிலா பொட்டலத்திலா கொடுத்தார், ஊசி போட்டாரா, நாடி பார்த்தாரா, சம்பளம் வந்ததா, ஊர் மாற்றிக்கொண்டே இருந்தாரா என்று கேளுங்கள். ஊசியும் மிக்ஸ்சரும் இடமாற்றமும் இருந்தால் சர்க்கார் டாக்டராக இருக்கலாம். நாடியும் சூரணமும் ஒரே ஊரும் என்றால் பரம்பரை வைத்தியர். இரண்டும் கலந்து சொன்னாலும் ஆச்சரியப்பட வேண்டாம், அடுத்த பதிலில் அதற்கும் இடம் உண்டு.

எல்.எம்.பி., எல்.ஐ.எம்., ஆர்.ஐ.எம்.பி. இதெல்லாம் என்ன? எல்லாமே டாக்டர் படிப்புதானா?

எல்.எம்.பி. என்பது மெடிக்கல் ஸ்கூலில் இங்கிலீஷ் வைத்தியம் படித்து வாங்கும் லைசென்ஸ். பட்டம் அல்ல. ராயபுரம், தஞ்சாவூர் போன்ற இடங்களில் இந்தப் பள்ளிகள் இருந்தன. வேலூரில் அமெரிக்க மிஷன் டாக்டர் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கென்று தொடங்கிய பள்ளியும் முதலில் எல்.எம்.பி.க்குத்தான் தயார் செய்தது. அங்கே எம்.பி.பி.எஸ். வந்தது 1942இல். ராயபுரம் பள்ளிதான் பிறகு ஸ்டான்லி பெயர் பெற்று, 1938இல் கல்லூரியானது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தாலுகா ஊர்களைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் இந்த எல்.எம்.பி. டாக்டர்கள்தான். அவர்களைப் பற்றி இவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

எல்.ஐ.எம். என்பது இந்திய மருத்துவத்துக்கான லைசென்ஸ். இந்திய மருத்துவத்தைப் பற்றி முகமது உஸ்மான் தலைமையிலான அரசுக் குழு 1923இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, சென்னையில் 1920களின் நடுவில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி திறந்தது. கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் முதல் முதல்வர். சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றோடு உடற்கூறு, அறுவை போன்ற மேல்நாட்டுப் பாடங்களையும் அங்கே கற்றார்கள். அதனால்தான் உங்கள் தாத்தா நாடியும் பார்த்து ஊசியும் போட்டிருக்கக்கூடும். பள்ளி கல்லூரியான பிறகு படித்தவர்கள் ஜி.சி.ஐ.எம். என்று போட்டுக்கொண்டார்கள். ஆர்.ஐ.எம்.பி. என்பது படிப்பே அல்ல, பதிவு பெற்ற இந்திய மருத்துவர் என்பதைக் குறிப்பது. பரம்பரையாக வைத்தியம் பார்த்த பலர் அப்படிப் பதிவு செய்துகொண்டார்கள்.

மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சார்னு வீட்ல சொல்றாங்க. ஆனா லிஸ்ட்ல பேரே இல்லையே?

"மெட்ராஸ்ல படிச்சார்" என்பது இரண்டு தலைமுறை தாண்டுவதற்குள் "மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்" ஆகிவிடும். அவர் ராயபுரத்தில் எல்.எம்.பி. படித்திருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய காலண்டர்களில் பெயர் இருக்காது. அதில் பட்டம் பெற்றவர்கள் மட்டும்தான். எல்.எம்.பி. தேர்வு அரசு நடத்தியது, பல்கலைக்கழகம் அல்ல.

பட்டமோ லைசென்ஸோ, எது வாங்கியவரானாலும் பெயரைச் சென்னை மெடிக்கல் ரிஜிஸ்டரில் தேடுங்கள். 1914இல் வந்த மருத்துவப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பட்டியல் அச்சாகி வந்தது. பெயர், தகுதி, முகவரி, பதிவான தேதி எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். பழைய லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்ப், மருந்துச் சீட்டு எதிலாவது பதிவு எண் இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு போங்கள், வேலை பாதியாகக் குறையும். சுருக்கப்பட்ட எம்.பி.பி.எஸ். படித்து முடித்த எல்.எம்.பி.க்கள் உண்டு. அதனால் ஒரே ஆள் முன்பு ஒரு தகுதியோடும் பின்பு வேறு தகுதியோடும் தென்பட்டால் இரண்டு பேர் என்று நினைத்துவிடாதீர்கள்.

எழுத்துக் கூட்டலும் மாறும். சுவாமிநாதனும் சாமிநாதனும் ஆங்கிலத்தில் நாலு விதமாக வருவார்கள். பின்னொட்டாக இருந்த சாதிப் பெயரின் கீழும், சொந்தப் பெயரின் கீழும், இரண்டு இடத்திலும் பாருங்கள்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தாராம். அந்த ரெக்கார்டு எங்கே கிடைக்கும்?

பதவிப் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள். எம்.பி.பி.எஸ். படித்தவர் பெரும்பாலும் அசிஸ்டெண்ட் சர்ஜன், எல்.எம்.பி. சப் அசிஸ்டெண்ட் சர்ஜன். அதற்கும் முந்தைய காலத்தில் ஹாஸ்பிடல் அசிஸ்டெண்ட் என்ற பெயர் இருந்தது. நியமனம், மாற்றல், விடுப்பு ஆகியவற்றுக்குப் புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டை, அதாவது அன்றைய மாகாண அரசிதழைப் பார்க்க வேண்டும். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய கெஜட்டுகள் இருக்கின்றன. வருஷமே தெரியாமல் போய் உட்கார்ந்தால் கண் பூத்துப்போகும். பிள்ளைகள் பிறந்த ஊர்களை வயது வரிசைப்படி எழுதிப் பாருங்கள். மூத்தவர் பிறந்தது மன்னார்குடி, அடுத்தவர் அரியலூர், கடைசி பெண் நாமக்கல் என்றால் அதுதான் அவருடைய மாற்றல் வரிசை. அந்த வருஷங்களை மட்டும் புரட்டினால் போதும்.

பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஊரில் "சர்க்கார் ஆஸ்பத்திரி" என்று சொன்ன பல இடங்கள் மாகாண அரசுடையவையே அல்ல, தாலுகா போர்டு, ஜில்லா போர்டு நடத்தியவை. போதாததற்கு 1920களில் ஜஸ்டிஸ் கட்சி ஆட்சியின்போது கிராம வைத்தியத்துக்கு மானியம் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. டாக்டர் ஒரு கிராமத்தில் குடியேற வேண்டும், ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுக்க வேண்டும், அதற்கு ஆண்டுக்கு ஒரு தொகை கிடைக்கும், மற்றபடி சொந்தமாகவும் தொழில் பார்க்கலாம். அப்படிப் போனவர் அரசு ஊழியர் பட்டியலில் இருக்க மாட்டார். போர்டு தீர்மானங்களிலும் உள்ளாட்சித் துறைக் கோப்புகளிலும்தான் பிடிபடுவார். "பென்ஷன் வரலை, ஆனா சர்க்கார் டாக்டர்தான்" என்று வீட்டில் சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது இந்தத் திட்டம்தான்.

சண்டைக் காலத்தில் ராணுவத்துக்குப் போனதாகச் சொன்னால் எந்தச் சண்டை என்று பிரித்துக் கேளுங்கள். இந்திய ராணுவ மருத்துவப் படை உருவானது 1943இல். முதல் உலகப் போரில் போனவரை அந்தப் பெயரில் தேடக் கூடாது.

வீட்டில ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லைங்க. என்ன பண்றது?

அடுத்த வீட்டுக்குப் போங்கள். உண்மையாகவே சொல்கிறேன். ஊர் டாக்டர் என்பவர் படித்தவர், பொதுவானவர், அதனால் பலருடைய பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார். குறிப்பாக உயில்களில். எழுதியவர் நல்ல நினைவோடுதான் எழுதினார் என்பதற்கு டாக்டர் சாட்சியைவிட வலுவானது ஏது? பதிவு அலுவலக அட்டவணையில் சாட்சிகள் பெயரை வைத்துத் தேட முடியாது. அந்த ஊரின் பெரிய குடும்பங்களிடம் பழைய உயில், பாகப்பிரிவினைப் பத்திரங்களின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கக் கேட்க வேண்டியதுதான். அவருடைய கையெழுத்தை முதன்முதலாகப் பேரப்பிள்ளைகள் பார்த்தது இப்படித்தான் என்று பல குடும்பங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவரே வாங்கிய, விற்ற சொத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் 1ஆம் புத்தகத்தில் இருக்கும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கக் கேட்கலாம். பதிவான உயில் 3ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு யாரும் நகல் கேட்கலாம். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பழைய காலத்துக்குப் போகாது, நேரில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். பழைய பத்திரங்களில் ஆளை அறிமுகப்படுத்தும் வரியை விட்டுவிடாதீர்கள். இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர், இன்ன மதம், இன்ன ஜாதி, இன்ன ஜீவனம் என்று வரும். அங்கே "வைத்திய ஜீவனம்" என்று இருந்தால் அந்தத் தேதியில் அவர் தொழிலில் இருந்தார் என்பது உறுதி. "விவசாய ஜீவனம்" என்று இருந்தால் தொழிலை விட்டுவிட்டாரா அல்லது இரண்டும் பார்த்தாரா என்று அடுத்த பத்திரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொரு இடம் கோர்ட். அடிதடி, கொலை வழக்குகளில் காயச் சான்றும் பிரேதப் பரிசோதனையும் சப் அசிஸ்டெண்ட் சர்ஜன் தலையில்தான் விழும். சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகள் பல இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. ஊர்ப் பெயரையும் பதவிப் பெயரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

பிறந்த தேதி யாருக்கும் தெரியலை. ஜாதகம் இருக்கு, ஆனா தாது வருஷம்னு மட்டும் போட்டிருக்கு. அது எந்த வருஷம்?

தாது 1876-77ஆகவும் இருக்கலாம், 1936-37ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிகள் சொன்னது முதலாவது. பெரும்பாலும் பிள்ளைகளின் வயதை வைத்தே எது என்று தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் ராசிக் கட்டத்தைப் பாருங்கள். ஆனால் குருவையும் சனியையும் நம்பிப் பயன் இல்லை. குரு ஏறக்குறைய 12 வருஷத்தில் ஒரு சுற்று, சனி ஏறக்குறைய 30 வருஷத்தில் ஒரு சுற்று. 60 வருஷம் கழித்து இரண்டுமே பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ராகு, கேதுவைப் பாருங்கள். அவற்றின் சுற்று சுமார் 18½ வருஷம் என்பதால் 60 வருஷத்தில் இரண்டு மூன்று ராசி தள்ளிப்போயிருக்கும். அந்த இரண்டு காலத்துக்கும் கட்டம் போடச் சொல்லி ஒப்பிட்டால் எந்த வருஷம் என்று தெரிந்துவிடும்.

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து ஏடுகளில் கொல்லம் ஆண்டு வரும். கொல்லம் 1100 என்பது 1924 ஆவணியில் தொடங்கி 1925 ஆடியில் முடிகிறது. வருவாய்த் துறைக் காகிதம் என்றால் பசலி ஆண்டு வரும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம், ஜூலை 1 முதல். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை.

இறந்த தேதி?

வருஷா வருஷம் திதி கொடுக்கிற குடும்பம் என்றால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாதம், பட்சம், திதி மூன்றும் தெரியும். தோராயமாக எந்த வருஷம் என்று தெரிந்தால் போதும், முன்பின் நான்கைந்து வருஷப் பஞ்சாங்கத்தைப் பார்த்து, "அன்னைக்கு வெள்ளிக்கிழமை", "பொங்கலுக்கு முந்தின வாரம்" என்பது போன்ற நினைவோடு பொருத்தித் தேதியைக் கண்டுபிடிக்கலாம்.

அரசுப் பதிவு வேண்டுமானால், சென்னை மாகாணத்தில் 1899ஆம் வருஷச் சட்டப்படி கிராமங்களில் பிறப்பு இறப்பைக் கிராம முன்சீப் எழுதி வந்தார். பழைய பதிவேடுகளை வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும். பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைத் தேடாதீர்கள். பெரும்பாலும் "ஆண் குழந்தை", அப்பா பெயர், அவ்வளவுதான் இருக்கும். இறப்புப் பதிவில் பெயரும் வயதும் காரணமும் இருக்கும். காரணம் என்பது முன்சீப் காதில் விழுந்தது. "காய்ச்சல்" என்று போட்டிருந்தால் அதற்கு மேல் அதில் அர்த்தம் தேட வேண்டாம்.

பழைய நோட்டு ஒண்ணு இருக்கு. மருந்துக் குறிப்பு மாதிரி தெரியுது, கையெழுத்தே புரியலை. எப்படிப் படிக்கிறது?

இங்கிலீஷ் மருந்து நோட்டு என்றால் அமைப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். மேலிருந்து கீழே மருந்துகள், ஒவ்வொன்றின் எதிரிலும் அளவு, கடைசியில் தண்ணீர், அதற்குக் கீழே எத்தனை வேளை. 3 போலச் சுழித்த குறி டிராம். அதன் தலையில் இன்னொரு வளைவு இருந்தால் அவுன்ஸ். 60 கிரெயின் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ். டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, பி.டி. இரண்டு வேளை, எச்.எஸ். படுக்கப் போகும்போது. இந்த நாலைந்தைத் தெரிந்துகொண்டால் ஒரு சாயந்திரத்தில் பக்கங்கள் பழகிவிடும். ஊரில் பழைய மருந்துக்கடைக்காரரோ ஓய்வு பெற்ற கம்பவுண்டரோ இருந்தால் அவரிடம் காட்டுங்கள். எந்தப் பேராசிரியரையும்விட வேகமாகப் படிப்பார்.

மருந்துப் பெயர்களை வைத்துக் காலமும் சொல்லலாம். வெறும் குயினின், டிங்சர், கார்மினேடிவ் மிக்ஸ்சர் என்றே போனால் 1930களோ அதற்கு முன்போ இருக்கலாம். எம் அண்ட் பி 693 வந்துவிட்டால் 1938க்குப் பிறகுதான், அந்த சல்ஃபா மாத்திரைக்கு அதுதான் பிறந்த வருஷம். பென்சிலின் ஊசி வந்தால் இரண்டாம் உலகப் போர் முடிகிற காலத்துக்கு இந்தப் பக்கம்.

சித்த வைத்தியக் குறிப்பு என்றால் பலம், கழஞ்சு, குன்றிமணி என்று எடையும் சாமம், நாழிகை என்று நேரமும் வரும். பலம் சுமார் 35 கிராம், சாமம் 3 மணி நேரம், நாழிகை 24 நிமிடம். படிக்கலாம், நகல் எடுக்கலாம். ஆனால் தாத்தாவின் செந்தூரத்தை வீட்டில் செய்து பார்க்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். பாதரசமும் பாஷாணமும் சேரும் முறைகள் அவை. அவற்றின் நஞ்சை நீக்கும் சுத்தி முறையைக் குருவிடம் கற்றவர்களே செய்ய வேண்டும்.

தாத்தாவோட பேரேட்டுல பேரும் அணா கணக்கும்தான் இருக்கு. இதை வச்சு என்ன தெரிஞ்சுக்க முடியும்?

என்னைக் கேட்டால் வீட்டில் கிடைக்கக்கூடியதிலேயே மேலான காகிதம் இதுதான். ஒரு குடும்பம் எனக்குக் காட்டிய பேரேட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது. இடது ஓரத்தில் தமிழ் மாதமும் தேதியும். அடுத்து ஆள், பெயராக இல்லை, "மேலத்தெரு செட்டியார் மருமகள்", "வண்டிக்காரன் மகன்" என்று. அதற்கு எதிரில் "மிக்ஸ்சர் 1, பௌடர் 6". வலது ஓரத்தில் 4 அணா, 6 அணா. சில வரிகளில் காசுக்குப் பதில் "நெல் 2 மரக்கால்". பல வரிகளில் ஒன்றுமே இல்லை, வெறும் கோடு. அந்தக் கோடுகளை எண்ணிப் பார்த்தபோதுதான் "தாத்தா காசு வாங்காம பார்ப்பார்" என்று அந்த வீட்டில் சொல்லிவந்ததற்குக் கணக்குக் கிடைத்தது.

அணாவில் கணக்கு இருந்தால் ஏறக்குறைய 1957க்கு முன்பு. அந்த வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. ௳ நாளையும் ௴ மாதத்தையும் ௵ வருஷத்தையும் குறிக்கும். ௸ என்றால் மேற்படி, ௹ ரூபாய். எந்தெந்த ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்று எடுத்து வரைபடத்தில் புள்ளி வையுங்கள். அவர் எத்தனை மைல் சுற்றளவுக்கு டாக்டராக இருந்தார் என்று தெரியும். ஒரு மாதத்தில் திடீரென்று வரிகள் மூன்று மடங்கு ஆனால் ஊரில் ஏதோ பரவியிருக்கிறது. வாந்திபேதியா, வைசூரியா என்று அந்த வருஷத்து ஜில்லா அறிக்கையோடு ஒப்பிடலாம். பிரிட்டிஷ் இந்தியாவின் மருத்துவ அறிக்கைகள் பலவற்றை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது.

ஓலைச்சுவடி நாலு கட்டு இருக்கு. நூலகத்துக்குக் கொடுத்துடலாமா?

கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு ஓலையையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். முதல் ஓலையையும் கடைசி ஓலையையும் தனியாகக் கவனியுங்கள். இன்ன வருஷம் இன்ன மாதம் இன்ன தேதி, இன்னார் குமாரன் இன்னார் எழுதி முடித்தது என்று அங்கேதான் இருக்கும். பட்டாவிலும் பத்திரத்திலும் கிடைக்காத எள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் அந்த ஒற்றை வரியில் கிடைத்துவிடலாம். சரஸ்வதி பூஜைக்கு மஞ்சள் குங்குமம் வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், கட்டை மூடி வைத்திருக்கும் துணிக்கு மேலே வையுங்கள்.

சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூரில் சரஸ்வதி மகாலும் தமிழ்ப் பல்கலைக்கழகமும், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகியவற்றில் சுவடி அறிந்தவர்கள் இருக்கிறார்கள். கொடுப்பதா, பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தரச் சொல்வதா என்பதைக் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்திரத்துல "வைத்திய மானியம்"னு ஒரு நிலம் வருது. அது எங்க தாத்தாவுக்குக் கொடுத்ததா?

ஊருக்கு வைத்தியம் பார்ப்பதற்காக விடப்பட்ட நிலம் அது. உங்கள் குடும்பத்துக்கு விட்டதா, வேறு குடும்பத்திடமிருந்து பிறகு வாங்கியதா என்று பார்க்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. 1858இல் தொடங்கிய இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்துப் பதிவேடு எழுதியது. மானியம் யார் கொடுத்தது, எதற்காக, அப்போது அனுபவித்தவர் யார், அவர் வயது என்ன, முதலில் பெற்றவருக்கு என்ன உறவு என்றெல்லாம் அதில் பத்திகள் உண்டு. ஊர்ப் பெயரோடு எழும்பூர் காப்பகத்தில் கேளுங்கள். உங்கள் முன்னோர் பெயர் அகப்பட்டால் 1800க்கு முன்னால் வரைகூடப் போக வாய்ப்பு இருக்கிறது.

வைத்தியருக்கு நிலம் விடும் வழக்கம் நம்மிடம் மிகப் பழையது. திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலசாலையையும் (ஆஸ்பத்திரி) அதன் வைத்தியருக்கு உரியதையும் சொல்கிறது.

பத்திரத்துல "மருத்துவர்"னு போட்டிருக்கு. அது தொழிலா, சாதியா? இதை எழுதலாமா வேண்டாமான்னு வீட்ல சண்டை.

பத்திரத்தில் ஜாதிக்கும் ஜீவனத்துக்கும் தனித்தனிச் சொல் வரும் என்று மேலே சொன்னேன். "மருத்துவர்" எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். முடி திருத்துவதோடு கட்டி அறுப்பது, எலும்பு கட்டுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் செய்த சமூகம் மருத்துவர், பண்டிதர் என்று பல ஊர்களில் அழைக்கப்பட்டது. அதே சமயம் "பண்டிதர்" என்பதை மட்டும் வைத்துச் சமூகத்தை முடிவு செய்யக் கூடாது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரும் (1859–1919) சென்னை அயோத்திதாசப் பண்டிதரும் (1845–1914) சித்த வைத்தியர்கள்தான்.

எழுதலாமா என்றால், எழுத வேண்டும் என்பதுதான் என் பதில். ஊரின் அறுவையையும் பிரசவத்தையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த கைகளை, பிற்காலத்து அவமானத்துக்குப் பயந்து நாமே அழிப்பது அநியாயம்.

பாட்டிதான் பிரசவம் பார்ப்பாங்களாம். அவங்களைப் பத்தி எதுவுமே எழுத்துல இல்லையே?

பயிற்சி பெற்ற மிட்வைஃப் என்றால் 1926இல் வந்த நர்ஸ், மிட்வைஃப் சட்டத்துக்குப் பிறகான பதிவில் தேடலாம். பெயர் கல்யாணத்துக்கு முந்தையதா பிந்தையதா என்று இரண்டு விதமாகவும் பாருங்கள். மிஷன் ஆஸ்பத்திரி என்றால் ஆண்டறிக்கைகளும் சபைப் பதிவேடுகளும் உண்டு. நெய்யூர், ராணிப்பேட்டை, வேலூர் போன்ற இடங்களின் அறிக்கைகளில் உதவியாளர்கள் பெயரும் வருவதுண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் திருவனந்தபுரத்தை மறக்க வேண்டாம், 1956 நவம்பர் வரை அது திருவிதாங்கூர்–கொச்சிப் பக்கம்.

பரம்பரை மருத்துவச்சி என்றால் மறுபடியும் அடுத்த வீடுதான். பிள்ளைப்பேற்றுச் செலவு எழுதிய நோட்டுகளில் "மருத்துவச்சிக்குப் புடவை", "மருத்துவச்சிக்கு அரிசி" என்று வரி இருக்கும். பெயர் இருக்காது. ஆனால் தேதியும் தெருவும் சேர்ந்தால் அது உங்கள் பாட்டிதான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இதைக் கேட்டு எழுத இன்னும் சில வருஷங்கள்தான் இருக்கின்றன.

மலேயா தோட்டத்துல டிரெஸ்ஸரா இருந்தார், அப்புறம் பர்மான்னும் சொல்றாங்க. யாழ்ப்பாணத்துக் கிளையும் உண்டு. அங்கெல்லாம் எப்படித் தேடறது?

மலேயாவுக்கு, சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தோட்டப் பெயரும் "டிரெஸ்ஸர்" (தோட்ட ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளர்) என்பதும் சேர்த்துத் தேடினால் மாற்றல், பிரிவுபசாரம், வழக்குச் சாட்சியம் எதுவும் அகப்படலாம். பர்மா 1937 ஏப்ரலில்தான் இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் போன டாக்டரின் காகிதம் சென்னையிலேயே தொடங்கியிருக்கக்கூடும்.

யாழ்ப்பாணத்துக்கு இரண்டு வழி. மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1840களின் கடைசியிலிருந்து உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். பிறகு தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அந்த மாணவர்கள் கிராமம் கிராமமாகத் தொழில் செய்தார்கள். மிஷன் அறிக்கைகளில் கிறிஸ்தவப் பெயரோடு வருவார்கள், வீட்டுப் பெயரோடு தேடினால் தப்பிவிடும். இரண்டாவது, அந்தியேட்டிக்கு, அதாவது இறந்தவருக்கு 31ஆம் நாளையொட்டிச் செய்யும் கிரியைக்கு, அச்சிடும் நினைவு மலர். வம்சாவளியே அதில் இருக்கும். "நூலகம்" என்ற பெயருள்ள ஈழத்து இணையதளத்தில் இப்படிப்பட்ட மலர்கள் நிறைய இருக்கின்றன.

ஜமீனுக்கே வைத்தியம் பார்த்தார், வெள்ளைக்கார டாக்டர் கைவிட்ட கேசை நாடி பிடிச்சே காப்பாத்தினார்னு கதை இருக்கு. நம்பலாமா?

இந்தக் கதை ஏறக்குறைய எல்லா வைத்தியர் குடும்பத்திலும் இருக்கிறது. பொய் என்று தள்ளவும் வேண்டாம், ஆவணம்போல எழுதவும் வேண்டாம். காலம் பொருந்துகிறதா என்று பாருங்கள். அந்த ஜமீன்தார் வாழ்ந்த வருஷங்களில் உங்கள் முன்னோருக்குத் தொழில் செய்யும் வயது இருந்ததா? 1918 விஷக்காய்ச்சலில் ஊரையே காப்பாற்றினார் என்றால் அப்போது அவர் எந்த ஊரில் இருந்தார்? பிள்ளைகள் பிறந்த ஊர் வரிசையை வைத்து இதையும் சோதிக்கலாம். பிரிட்டிஷ் அரசு கொடுத்த ராவ் சாகிப், ராவ் பகதூர் பட்டம் என்றால் சந்தேகத்துக்கே இடம் இல்லை, கெஜட்டில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆதாரம் கிடைக்காத கதையை "இப்படி எங்கள் அத்தை சொன்னார்" என்று சொன்னவர் பெயரோடு எழுதுங்கள்.

அந்தப் பேரேட்டை ஸ்கேன் பண்ணி இணையத்துல போடலாமா?

நோயாளிகள் பெயரும் தெருவும் இருக்கும் பக்கங்களை அப்படியே போடாதீர்கள். யாருக்கு மேகநோய், யாருக்குக் குஷ்டம், எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கரு கலைந்தது என்பதெல்லாம் உங்கள் தாத்தாவை நம்பி அவர்கள் சொன்னது. ஊரில் அந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. பேரன்பேத்திகளும் அங்கேயே இருக்கிறார்கள். எண்ணிக்கை, கட்டணம், மருந்து, ஊர்கள் ஆகியவற்றை எடுத்து எழுதுங்கள். மாதிரிக்கு ஒரு பக்கம் வேண்டுமானால் பெயர்களை மறைத்துவிட்டுப் போடுங்கள். மூலத்தை எங்காவது ஒப்படைத்தால் இந்த நிபந்தனையையும் எழுதிக் கொடுங்கள்.

ஒரே பேர்ல ரெண்டு டாக்டர் இருக்காங்க, ஒரே ஜில்லா. எங்க தாத்தா யாருன்னு எப்படிப் பிரிக்கிறது?

இனிஷியலை மட்டும் நம்ப வேண்டாம். சிலர் அப்பா பெயரை மட்டும் போட்டார்கள், சிலர் ஊரையும் சேர்த்தார்கள், அதே ஆள் நடுவில் மாற்றிக்கொண்டதும் உண்டு. அப்பா பெயர் முழுதாக வரும் ஒரு ஆவணம் வேண்டும். அது பெரும்பாலும் பத்திரம்தான். இரண்டாவது, கையெழுத்து. அடுத்த வீட்டு உயிலில் கிடைத்த சாட்சிக் கையெழுத்தையும் உங்கள் நோட்டிலுள்ள எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது, மெடிக்கல் ரிஜிஸ்டரின் பதிவு எண். அது இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்காது. மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தும்வரை அந்த இரண்டு டாக்டர்களின் குறிப்புகளையும் தனித்தனி உறையில் வையுங்கள். ஒன்றாகச் சேர்த்துவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.